கல்லூரி ஃபுட்பாலில் வெளி ஆட்டங்களும் ப்ளேஆஃப் வாய்ப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலை (நம்மூர்க் கால்பந்து அல்ல) ஒரு சீசன் முழுக்கப் பார்த்தவர்களுக்குக்கூட டிசம்பர் தொடக்கத்தில் வரும் அந்த ஞாயிற்றுக்கிழமை குழப்பமாகத்தான் இருக்கும். தேசிய சாம்பியனை முடிவு செய்யும் ப்ளேஆஃபில் ஆடப்போகும் 12 அணிகளை அன்றைக்குத்தான் அறிவிக்கிறார்கள். பத்து ஆட்டம் ஜெயித்த அணி வெளியே நிற்கும், மூன்று தோல்வி கண்ட அணி உள்ளே போகும். ஏன் என்று தேடிப்போனால், பல நேரம் ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ அந்த அணி யாரோடு ஆடியது, யாரோடு ஆடாமல் விட்டது என்பதில் போய் நிற்கும்.

பிள்ளைகள் அங்கே கல்லூரியில் சேர்ந்த பிறகு இந்த ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கிய நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். 2025 சீசன் முடிந்த பிறகான நிலவரத்தை வைத்து எழுதியது இது.

கான்ஃபரன்ஸ் ஆட்டம், வெளி ஆட்டம்னு பிரிச்சுப் பேசறாங்களே, அது என்ன?

மேல்மட்டப் பிரிவான எஃப்.பி.எஸ்.ஸில் 2025இல் 136 கல்லூரிகள் ஆடின. இத்தனை அணிகளும் ஒன்றோடொன்று மோதுவது நடக்காத காரியம். அதனால் கான்ஃபரன்ஸ் என்று பிரிந்து ஆடுகின்றன. எஸ்.இ.சி., பிக் டென், பிக் 12, ஏ.சி.சி. ஆகிய நான்கும் பெரியவை. பணமும் தொலைக்காட்சி ஒப்பந்தங்களும் பெரும்பாலும் இவற்றிடம்தான் இருக்கின்றன. மற்றவை சிறியவை.

ஒரு அணிக்கு சீசனில் 12 ஆட்டங்கள். அவற்றில் எட்டு அல்லது ஒன்பதை அதன் கான்ஃபரன்ஸே முடிவு செய்துவிடும். மீதி மூன்று, நான்கு ஆட்டங்களைக் கல்லூரியே ஏற்பாடு செய்துகொள்ளும். அவற்றைத்தான் இந்தப் பக்கத்தில் வெளி ஆட்டம் என்கிறேன். எதிரணியின் ஊருக்குப் போய் ஆடுவதைச் சொல்லவில்லை, கான்ஃபரன்ஸுக்கு வெளியே உள்ள அணியோடு ஆடுவதைச் சொல்கிறேன். இவை பெரும்பாலும் சீசனின் முதல் நான்கு வாரங்களில் வந்துவிடும்.

அந்த மூணு நாலு ஆட்டத்தை யார் முடிவு பண்றாங்க? கோச்சா?

கோச்சைக் கேட்பார்கள். ஆனால் ஒப்பந்தம் போடுவது கல்லூரியின் விளையாட்டுத் துறைத் தலைவர். பெரிய அணிகள் மோதிக்கொள்ளும் ஆட்டங்களைப் பல வருடங்கள் முன்கூட்டியே பேசி முடித்துவிடுவார்கள். வழக்கமாக இது இரண்டு ஆட்டத் தொடராக இருக்கும், ஒரு வருடம் உங்கள் மைதானத்தில், அடுத்த வருடம் எங்கள் மைதானத்தில் என்று. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட கோச் ஆட்டம் நடக்கும் நாளில் வேறு ஊரில் வேலை பார்த்துக்கொண்டிருப்பார். எதிரணியும் அடையாளம் தெரியாமல் மாறியிருக்கும். இதன் விளைவுகளைப் பின்னால் பார்க்கலாம்.

சின்ன காலேஜுக்குக் காசு கொடுத்து வரவழைக்கிறாங்கன்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம்தான். சொந்த மைதானத்தில் ஒரு ஆட்டம் நடந்தால் டிக்கெட், பார்க்கிங், சாப்பாட்டுக் கடை என்று பெரிய கல்லூரிக்குப் பல மில்லியன் டாலர் வரும். அதில் ஒரு பங்கைச் சின்னக் கல்லூரிக்குக் கொடுத்து, திரும்ப அவர்கள் ஊருக்குப் போக வேண்டிய கடமை இல்லாமல் ஆடவைக்கிறார்கள். சின்னக் கல்லூரியின் விளையாட்டுத் துறைக்கு அந்தத் தொகை பெரிய ஆதாரம்.

கூப்பிட்டவர்களே தோற்றுப்போவதும் உண்டு. 2007இல் அடுத்த பிரிவைச் சேர்ந்த அப்பலாச்சியன் ஸ்டேட் 4 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு மிஷிகன் மைதானத்துக்குப் போய் 34-32 என்று ஜெயித்தது. 2024இல் நோட்டர் டேம் 14 லட்சம் டாலர் கொடுத்து அழைத்த நார்தர்ன் இல்லினாய் 16-14 என்று அவர்களைத் தோற்கடித்தது. இப்படி ஒரு ஆட்டம் நடக்கும்போது எனக்கு எந்த அணிமேலும் பற்று இருப்பதில்லை, சின்ன அணிக்காகத்தான் கத்துவேன்.

ப்ளேஆஃபுக்கு 12 டீமை எப்படி எடுக்கறாங்க?

2014 முதல் 2023 வரை நான்கு அணிகள்தான். 2024இல் இருந்து 12. பதின்மூன்று பேர் கொண்ட ஒரு கமிட்டி நவம்பரில் தொடங்கி வாரவாரம் ரேங்கிங் வெளியிடும். கடைசி ரேங்கிங்கை வைத்து 12 பேரை எடுப்பார்கள். 2024, 2025 இரண்டு சீசன்களிலும் இருந்த விதி இதுதான்: கான்ஃபரன்ஸ் சாம்பியன்களில் ரேங்கிங்கில் முன்னால் உள்ள ஐந்து பேருக்கு நிச்சய இடம், மீதி ஏழு இடம் ரேங்கிங்படி மற்றவர்களுக்கு.

வெளி ஆட்டங்கள் அந்த ஏழு இடங்களுக்கான போட்டியில்தான் அதிகம் பேசும். ஐந்தாவது சாம்பியன் யார் என்பதையும் அவை தீர்மானிக்கும். அதற்கு டியூக் கதை ஒன்று இருக்கிறது, கீழே வருகிறது.

கமிட்டி கம்ப்யூட்டர் கணக்கைப் பார்க்குமா, இல்லை மனசுக்குத் தோணினதைச் செய்யுமா?

இரண்டும் கலந்தது. கணக்குகளை மேசையில் வைத்துக்கொண்டு கடைசியில் ஓட்டுப் போடுகிறார்கள். அவர்கள் பார்க்க வேண்டியவை என்று எழுதிவைத்திருப்பவை: கான்ஃபரன்ஸ் சாம்பியன் பட்டம், ஆட்ட அட்டவணையின் கடினம், இரண்டு அணிகளும் நேருக்கு நேர் மோதியிருந்தால் அதன் முடிவு, இருவருக்கும் பொதுவான எதிரணிகளோடு யார் எப்படி ஆடினார்கள் என்பது. எத்தனை புள்ளி வித்தியாசத்தில் அடித்து நொறுக்கினாய் என்பதை ஊக்குவிக்கக் கூடாது என்பதும் அவர்களின் கொள்கை.

2025 ஆகஸ்டில் இதில் ஒரு மாற்றம் செய்தார்கள். வலுவான அணிகளோடு ஆடிய ஆட்டங்களுக்கு அட்டவணைக் கணக்கில் கூடுதல் எடை கொடுத்தார்கள். கூடவே ஒரு புதிய அளவுகோலும் வந்தது. பலமான அணியை ஜெயித்தால் பலன் அதிகம், அதனிடம் தோற்றால் அடி குறைவு. பலவீனமான அணியை ஜெயித்தால் பலன் குறைவு, அதனிடம் தோற்றால் அடி பலம். இவ்வளவுதான் அதன் சாரம். எண்ணம் சரி. நடைமுறையில் எவ்வளவு தூரம் வேலை செய்தது என்பது டெக்சஸ் பற்றிய கேள்வியில் தெரியும்.

முதல் வாரமே தோத்துட்டா அவ்வளவுதானா?

இல்லவே இல்லை. 2014இல் ஓஹியோ ஸ்டேட் சீசனின் இரண்டாவது ஆட்டத்திலேயே சொந்த மைதானத்தில் வர்ஜீனியா டெக்கிடம் 35-21 என்று தோற்றது. வர்ஜீனியா டெக் அந்த வருடம் பாதிக்குப் பாதி ஜெயித்த சாதாரண அணி. ஆனாலும் ஓஹியோ ஸ்டேட் பிறகு தோற்கவே இல்லை. பிக் டென் இறுதியில் விஸ்கான்சினை 59-0 என்று வென்று நான்காவது இடத்தில் நுழைந்து, கோப்பையையும் தூக்கியது. அப்போது நான்கே இடங்கள்.

மேலே சொன்ன நார்தர்ன் இல்லினாய் தோல்விக்குப் பிறகு நோட்டர் டேமும் தொடர்ந்து ஜெயித்து ப்ளேஆஃபுக்குப் போய், இறுதி ஆட்டம்வரை வந்து ஓஹியோ ஸ்டேட்டிடம் 34-23 என்று தோற்றது. 2025இல் அலபாமா முதல் ஆட்டத்தில் ஃப்ளோரிடா ஸ்டேட்டிடம் 31-17 என்று தோற்றது. அந்த ஃப்ளோரிடா ஸ்டேட் 5-7 என்று, அதாவது ஐந்து வெற்றி, ஏழு தோல்வியோடு, சீசனை முடித்தது. அப்படிப்பட்ட தோல்வியும் அலபாமாவை வெளியே தள்ளவில்லை. ஜார்ஜியாவை அதன் மைதானத்தில் வென்றது போன்ற ஆட்டங்கள் அதை ஈடுகட்டின. செப்டம்பர் தோல்விக்கு மருந்து உண்டு. நவம்பர் தோல்விக்குத்தான் நேரம் போதாது.

அப்போ லேசான டீம்களோட ஆடி எல்லாத்தையும் ஜெயிச்சுட்டுப் போயிடலாமே?

இதற்கு ஒரே பதில் கிடையாது, அதனால்தான் இந்தக் கேள்வி வருடாவருடம் வருகிறது. பேய்லர் 2014இல் அப்படித்தான் செய்தது. எஸ்.எம்.யு., நார்த்வெஸ்டர்ன் ஸ்டேட், பஃபலோ ஆகிய மூன்றும் அதன் வெளி ஆட்டங்கள். கான்ஃபரன்ஸில் ஒரே ஒரு தோல்வியோடு 11-1 என்று முடித்தும் இடம் கிடைக்கவில்லை. பிக் 12இல் அப்போது இறுதி ஆட்டம் கிடையாது என்பதும் ஒரு காரணம். ஆனால் அந்த வெளி ஆட்டங்களின் பட்டியல் அதன் கழுத்தில் கல்லாகத் தொங்கியது.

2016இல் வாஷிங்டன் அணியோ ரட்கர்ஸ், ஐடஹோ, போர்ட்லண்ட் ஸ்டேட் என்று இன்னும் லேசான பட்டியலை வைத்துக்கொண்டு 12-1 என்று உள்ளே போனது. வித்தியாசம், அது தன் கான்ஃபரன்ஸின் இறுதி ஆட்டத்தில் ஜெயித்த சாம்பியன்.

இந்தியானாவின் கதை இன்னும் அழுத்தமானது. லூயிவில்லோடு போட்டிருந்த தொடரை ரத்து செய்துவிட்டு, 2024இல் எஃப்.ஐ.யு., வெஸ்டர்ன் இல்லினாய், ஷார்லட் ஆகியவற்றோடு ஆடியது. 11-1 என்று உள்ளே போய் முதல் சுற்றில் நோட்டர் டேமிடம் தோற்றதும் எல்லோரும் அட்டவணையைக் குறைசொன்னார்கள். 2025இலும் ஓல்ட் டொமினியன், கென்னசா ஸ்டேட், இந்தியானா ஸ்டேட் என்று அதே பாணிதான். ஆனால் ஆரகனை அதன் மைதானத்தில் வென்று, பிக் டென் இறுதியில் ஓஹியோ ஸ்டேட்டை 13-10 என்று வென்று, முதலிடத்தில் நுழைந்து, 16-0 என்று கோப்பையோடு முடித்தது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இது. பிக் டென், எஸ்.இ.சி. போன்ற கடினமான கான்ஃபரன்ஸில் இருந்துகொண்டு தோற்காமலே இருந்தால், வெளி ஆட்டங்களை யாரும் கேட்க மாட்டார்கள். ஒன்றிரண்டு தோல்வி வந்துவிட்டால்தான் கமிட்டி அந்தப் பட்டியலைக் கையில் எடுக்கும். நமக்கு ஒரு தோல்விகூட வராது என்று ஆகஸ்டிலேயே நம்பி அட்டவணை போடுகிறவர் பெரிய சூதாடி.

2025ல டெக்சஸ் ஓஹியோ ஸ்டேட்டோட ஆடாம இருந்திருந்தா 10-2 ஆகி உள்ள போயிருக்குமே? அப்போ துணிஞ்சு ஆடினதுக்குத் தண்டனையா?

இந்தக் கேள்வியைத்தான் மிகவும் கோபமாகக் கேட்டார்கள். டெக்சஸ் ஆகஸ்ட் 30 அன்று, முந்தைய வருட சாம்பியன் ஓஹியோ ஸ்டேட்டின் மைதானத்துக்குப் போய் 14-7 என்று தோற்றது. கடைசியில் 9-3. கமிட்டியின் கடைசி ரேங்கிங்கில் 13ஆவது இடம், ப்ளேஆஃப் இல்லை. அவர்களின் கோச் ஸ்டீவ் சார்கிசியன் இதைப் பற்றி வெளிப்படையாகவே வருத்தப்பட்டார். அந்த இடத்தில் ஒரு சின்ன அணியைக் கூப்பிட்டிருந்தால் 10-2 ஆகியிருக்கும் என்பது நியாயமான கணக்குதான்.

ஆனால் முழுக் கணக்கையும் பார்க்க வேண்டும். டெக்சஸ் 4-8 என்று முடித்த ஃப்ளோரிடாவிடம் 29-21 என்று தோற்றது. ஜார்ஜியாவிடம் 35-10 என்று தோற்றது. அவர்களின் மற்ற மூன்று வெளி ஆட்டங்கள் சான் ஹோசே ஸ்டேட், யூடெப், சாம் ஹூஸ்டன். இன்னொரு பக்கம், அவர்கள் ஓக்லஹோமா, வாண்டர்பில்ட், டெக்சஸ் ஏ அண்ட் எம் மூன்றையும் ஜெயித்தார்கள். அவற்றில் இரண்டு ப்ளேஆஃபுக்கே போயின. உள்ளே போன இரண்டு அணிகளை வென்ற ஒரு அணி வெளியே நின்றது.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். டெக்சஸை வெளியே வைத்தது ஃப்ளோரிடா ஆட்டம். ஓஹியோ ஸ்டேட் தோல்வி தனியாக நின்றிருந்தால் யாரும் பெரிதாக எடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் மூன்று என்ற எண்ணைப் பார்த்ததும் கமிட்டி அந்த மூன்றும் எப்படி வந்தவை என்று போதுமான அளவுக்குப் பிரித்துப் பார்ப்பதில்லை. புதிய அளவுகோல் இதைச் சரிசெய்யத்தான் வந்தது. அது எண்ணை மீறும் அளவுக்கு இன்னும் பலம் பெறவில்லை. பெற வேண்டும். இல்லையென்றால் ஆகஸ்ட் இறுதியில் நாம் ஆசையோடு பார்க்கும் இந்த ஆட்டங்களை ஒவ்வொரு கல்லூரியாகக் கைவிட்டுவிடும்.

நோட்டர் டேம் 10-2, மயாமியும் 10-2. கடைசி நாள்ல ஏன் இடம் மாறிச்சு?

நோட்டர் டேம் எந்தக் கான்ஃபரன்ஸிலும் இல்லை. அதனால் அவர்களின் 12 ஆட்டமும் ஒரு வகையில் வெளி ஆட்டம்தான். ஏ.சி.சி.யோடு உள்ள ஒப்பந்தப்படி வருடத்துக்குச் சராசரியாக ஐந்து ஆட்டம் அந்த அணிகளோடு. சாம்பியன் பட்டம் என்ற வழியே அவர்களுக்குக் கிடையாது, எல்லாமே ரேங்கிங்கை நம்பித்தான்.

2025இல் அவர்கள் முதல் ஆட்டத்தில் மயாமியிடம் 27-24, அடுத்ததில் டெக்சஸ் ஏ அண்ட் எம்மிடம் 41-40 என்று தோற்றார்கள். பிறகு ஆடிய பத்தையும் ஜெயித்தார்கள். மயாமியைவிட ரேங்கிங்கில் வாரக்கணக்காக முன்னால் இருந்தார்கள். இரண்டுக்கும் நடுவில் பி.ஒய்.யு. இருந்தது. பி.ஒய்.யு. பிக் 12 இறுதியில் டெக்சஸ் டெக்கிடம் 34-7 என்று தோற்று இறங்கியதும், மயாமியும் நோட்டர் டேமும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. அப்போதுதான் கமிட்டி நேருக்கு நேர் முடிவைக் கையில் எடுத்தது. மயாமி 10, நோட்டர் டேம் 11. பதினொன்றும் பன்னிரண்டும், ரேங்கிங்கில் பின்னால் இருந்த இரண்டு சாம்பியன்களுக்குப் போக வேண்டிய இடங்கள் என்பதால் நோட்டர் டேம் வெளியே.

முடிவு சரி என்றே நினைக்கிறேன். இருவருக்கும் ஒரே கணக்கு, நேரில் மோதியபோது ஜெயித்தவர் மயாமி. ஆகஸ்ட் 31 அன்று நடந்த ஆட்டத்தை டிசம்பரில் மறந்துவிட்டால் அந்த ஆட்டம் எதற்கு? ஆனால் அதை முதல் வாரத்திலிருந்தே கணக்கில் எடுத்திருக்க வேண்டும். நவம்பர் முழுக்க நோட்டர் டேமை முன்னால் வைத்துவிட்டுக் கடைசி நாளில் மாற்றியதால்தான் அவர்களுக்கு அவ்வளவு ஆத்திரம். ப்ளேஆஃபுக்குப் போகாத அணிகளுக்கு சீசன் கடைசியில் நடக்கும் பௌல் ஆட்டம் எதிலும் ஆட மாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். மயாமி அங்கிருந்து இறுதி ஆட்டம்வரை போய் இந்தியானாவிடம் 27-21 என்று தோற்றது.

நேருக்கு நேர் ஜெயிச்சா எப்பவும் முன்னாடி வைப்பாங்களா?

இல்லை. கணக்கு சமமாக இருக்கும்போதுதான் அது எடுபடும். 2016இல் பென் ஸ்டேட் ஓஹியோ ஸ்டேட்டை 24-21 என்று வென்றது, பிக் டென் சாம்பியனும் ஆனது. ஆனால் வெளி ஆட்டம் ஒன்றில் பிட்ஸ்பர்க்கிடம் (சுருக்கமாகப் பிட்) 42-39, மிஷிகனிடம் 49-10 என்று இரண்டு தோல்வி. ஓஹியோ ஸ்டேட்டுக்கு ஒரே தோல்வி. அதோடு வெளி ஆட்டத்தில் ஓக்லஹோமாவை அதன் மைதானத்திலேயே 45-24 என்று வென்றிருந்தது. கமிட்டி ஓஹியோ ஸ்டேட்டைத்தான் எடுத்தது.

கவனித்துப் பார்த்தால், இரண்டு அணிகளையும் பிரித்தது இரண்டு வெளி ஆட்டங்கள்: பிட்டில் மூன்று புள்ளியில் போன ஒன்று, ஓக்லஹோமாவில் ஜெயித்த ஒன்று. வெளி ஆட்டத்தின் பலத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

நாம ஜெயிச்ச டீம் அப்புறம் தோத்துக்கிட்டே போனா நம்ம வெற்றிக்கு மதிப்பு குறையுமா?

குறையும். அட்டவணையின் கடினத்தைப் பெயரை வைத்துப் பார்ப்பதில்லை, அந்த வருடம் அந்த அணி எப்படி ஆடியது என்பதை வைத்துப் பார்க்கிறார்கள். 2024 செப்டம்பரில் டெக்சஸ், முந்தைய வருட சாம்பியன் மிஷிகனை அதன் மைதானத்தில் 31-12 என்று வென்றது. அன்றைக்கு அது மாபெரும் வெற்றி. மிஷிகன் அந்த சீசனை 7-5 என்று முடித்தபோது அதன் எடை பாதியாகிவிட்டது.

ஒப்பந்தங்களைப் பல வருடம் முன்பே போடுகிறார்கள் என்று சொன்னேன் அல்லவா, ஆபத்து இங்கேதான். ஃப்ளோரிடா ஸ்டேட் 2023இல் பௌல் ஆட்டம்வரை தோற்காத அணி, 2024இல் 2-10. எவரை நம்பி ஒப்பந்தம் போடுவது?

சின்ன கான்ஃபரன்ஸ் டீமுக்கு வெளி ஆட்டம் எவ்வளவு முக்கியம்?

உயிர் மாதிரி. அவர்களுடைய கான்ஃபரன்ஸில் எத்தனை ஜெயித்தாலும் கமிட்டி பெரிதாக மதிப்பதில்லை. பெரிய அணியோடு மோதும் ஒன்றிரண்டு வாய்ப்பில்தான் தங்களை நிரூபிக்க வேண்டும். 2017இல் யு.சி.எஃப். தோற்கவே இல்லை. ஜார்ஜியா டெக்கோடு இருந்த ஆட்டம் இர்மா புயலால் ரத்தானது. கடைசி ரேங்கிங்கில் 12ஆவது இடம்தான் கிடைத்தது. பௌல் ஆட்டத்தில் ஆபர்னை 34-27 என்று வென்று 13-0 என்று முடித்தார்கள், ஆனால் அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நான்கு ஆண்டு கழித்து சின்சினாட்டி அந்தக் கதவைத் திறந்தது. 2021இல் இந்தியானாவையும், நோட்டர் டேமை அதன் சொந்த மைதானத்தில் 24-13 என்றும் வென்றது. நோட்டர் டேம் அந்த சீசனில் வேறு யாரிடமும் தோற்காமல் 11-1 என்று முடித்ததால், சின்சினாட்டியின் வெற்றி வாரத்துக்கு வாரம் எடை கூடிக்கொண்டே போனது. 13-0 என்ற கணக்கோடு நான்காவது இடம். நான்கே இடங்கள் இருந்த காலத்து ப்ளேஆஃபில் சிறிய கான்ஃபரன்ஸிலிருந்து நுழைந்த ஒரே அணி அதுதான். முந்தைய கேள்வியில் சொன்ன அதே விதி, இங்கே நல்ல பக்கமாக வேலை செய்தது.

தோற்றாலும் பலன் கிடைக்கலாம். 2024இல் பாய்சி ஸ்டேட் ஆரகனிடம் 37-34 என்று கடைசிவரை போராடித் தோற்றது. ப்ளேஆஃபுக்கு முன்னால் அவர்களின் ஒரே தோல்வி. ஆரகன் தொடர்ந்து ஜெயித்து முதலிடத்துக்குப் போகப்போக, அந்தத் தோல்வியே பாய்சியின் தரத்துக்குச் சான்றாக ஆனது.

டியூக் ஏ.சி.சி. சாம்பியன் ஆச்சே? பெரிய கான்ஃபரன்ஸ் சாம்பியனையே எப்படி விட்டாங்க?

2025இன் விசித்திரமான கதை இது. டியூக் 7-5 என்ற கணக்கோடு ஏ.சி.சி. இறுதிக்குப் போய், கூடுதல் நேரத்தில் வர்ஜீனியாவை 27-20 என்று வென்றது. விதி என்ன சொல்கிறது? ரேங்கிங்கில் முன்னால் உள்ள ஐந்து சாம்பியன்கள். எந்தக் கான்ஃபரன்ஸ் என்று விதி கேட்கவில்லை. சிறிய கான்ஃபரன்ஸ் சாம்பியன்களான டுலேனும் ஜேம்ஸ் மேடிசனும் ரேங்கிங்கில் இருந்தன, டியூக் இல்லை. இரண்டும் உள்ளே போயின.

டியூக் ஏன் ரேங்கிங்கில் இல்லை? வெளி ஆட்டங்களில் இல்லினாயிடம் தோல்வி, யூகானிடம் தோல்வி, அதோடு டுலேனிடம் 34-27 என்று தோல்வி. தங்கள் இடத்தை எடுத்துக்கொண்ட அணியிடமே செப்டம்பரில் தோற்றிருந்தார்கள். கான்ஃபரன்ஸில் 6-2 என்று நன்றாகவே ஆடிய அணியை, வெளியே ஆடிய நான்கு ஆட்டங்கள் கவிழ்த்தன.

ஃப்ளோரிடா ஸ்டேட் 2023ல வெளி ஆட்டத்தையும் ஜெயிச்சாங்க, கான்ஃபரன்ஸும் ஜெயிச்சாங்க. அப்புறம் ஏன் விட்டாங்க?

இந்தப் பட்டியலில் எனக்கு இன்னும் ஆறாத முடிவு இதுதான். எல்.எஸ்.யு.வை 45-24, ஃப்ளோரிடாவை 24-15 என்று வென்று, ஏ.சி.சி. பட்டமும் வென்று 13-0. கேட்டதையெல்லாம் செய்த அணி. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் நவம்பரில் காலில் அடிபட்டு விழுந்ததால், இந்த அணி இனி பழைய அணி இல்லை என்று கமிட்டி முடிவு செய்து ஐந்தாவது இடத்தில் வைத்தது.

அதே நாளில் இன்னொரு வெளி ஆட்டமும் பேசியது. டெக்சஸ் செப்டம்பரில் அலபாமாவை அதன் மைதானத்தில் 34-24 என்று வென்றிருந்தது. இரண்டும் 12-1. அலபாமாவை எடுத்தால் அதை வென்ற டெக்சஸையும் எடுத்தாக வேண்டும். மூன்றாவது டெக்சஸ், நான்காவது அலபாமா. நான்கே இடம் என்பதால் ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு நாற்காலி மிஞ்சவில்லை. இன்றைய 12 இடங்கள் இருந்திருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது.

எஸ்.இ.சி. எட்டு ஆட்டம், பிக் டென் ஒன்பது ஆட்டம்னு சண்டை போடறாங்களே, ஒரு ஆட்டத்துல என்ன வந்துடப்போகுது?

நிறைய. 16 அணிகள் உள்ள கான்ஃபரன்ஸில் ஆளுக்கு ஒரு ஆட்டம் கூடினால் எட்டு ஆட்டம், எட்டு தோல்வி உறுதி. அந்த ஆட்டத்துக்குப் பதிலாக ஆளுக்கொரு சின்ன அணியைக் கூப்பிட்டால் அநேகமாகப் பதினாறும் ஜெயிக்கும். பிக் டென்னும் பிக் 12உம் ஒன்பது ஆடும்போது எஸ்.இ.சி. எட்டோடு நிற்பது நியாயமில்லை என்று மற்றவர்கள் பல வருடம் சொல்லிவந்தார்கள். அவர்கள் சொன்னது சரி.

2026இல் இருந்து எஸ்.இ.சி.யும் ஒன்பதுக்கு வருகிறது. கூடவே ஒவ்வொரு அணியும் மற்ற மூன்று பெரிய கான்ஃபரன்ஸிலிருந்தோ, நோட்டர் டேமோடோ குறைந்தது ஒரு ஆட்டம் ஆடியாக வேண்டும். ஏ.சி.சி.யும் அதே வழியில் போகிறது.

அப்போ பெரிய வெளி ஆட்டங்கள் இனிமேல் கூடுமா, குறையுமா?

குறையும் என்றுதான் பயப்படுகிறேன். ஒன்பது ஆட்டம் கான்ஃபரன்ஸுக்கே போய்விட்டால் மிஞ்சுவது மூன்று. அதில் ஒன்றைப் பெரிய அணியோடு ஆட விதி இருக்கிறது. இரண்டாவதாக ஒரு பெரிய அணியைத் தேட யாருக்கும் ஆசை வராது. நெப்ராஸ்கா, டென்னசியோடு 2026, 2027க்குப் போட்டிருந்த தொடரை ரத்து செய்துவிட்டது. 1926இல் தொடங்கிய நோட்டர் டேம், யு.எஸ்.சி. மோதலும் 2025 அக்டோபரோடு நின்றிருக்கிறது. அந்த மோதல் நின்றது எனக்கு மெய்யாகவே வலிக்கிறது.

ஒரு நல்ல பக்கமும் இருக்கிறது. 2026இல் இருந்து நான்கு பெரிய கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கும் நிச்சய இடம். டியூக்குக்கு நடந்தது இனி நடக்காது. வெளி ஆட்டத்தில் தோற்றாலும் கான்ஃபரன்ஸை வென்றால் போதும் என்ற தைரியத்தில் சிலராவது பெரிய அணிகளோடு ஆடலாம்.

நீங்களே அட்டவணை போட்டா எப்படிப் போடுவீங்க?

பெரிய கான்ஃபரன்ஸ் அணியாக இருந்தால்: ஒரு பெரிய அணியோடு இரண்டு வருடத் தொடர், ஒரு நல்ல நடுத்தர அணி, பக்கத்து ஊர்ச் சின்னக் கல்லூரி ஒன்று. பெரிய ஆட்டத்தை முதல் இரண்டு வாரத்துக்குள் வைப்பேன், தோற்றாலும் மீள நேரம் இருக்கும். மூன்றும் லேசாக இருக்கும் அட்டவணையில் கையெழுத்துப் போட மாட்டேன். மாணவர்கள் நான்கு வருடம்தான் அங்கே இருக்கிறார்கள். அதில் ஒரு தடவையாவது தங்கள் மைதானத்துக்கு ஓஹியோ ஸ்டேட்டோ அலபாமாவோ வந்து பார்க்க வேண்டாமா?

சின்னக் கான்ஃபரன்ஸ் அணியாக இருந்தால் பணத்துக்காக ஒன்று ஆடுவேன். இன்னொன்றில் ஜெயிக்கக்கூடிய பெரிய கான்ஃபரன்ஸ் அணியைத் தேடுவேன். டுலேன் 2025இல் நார்த்வெஸ்டர்னையும் டியூக்கையும் வென்றது அப்படித்தான். அதனால்தான் மிசிசிப்பியிடம் 45-10 என்று வாங்கிய அடியைத் தாண்டி வர முடிந்தது.

2026ல எந்த வெளி ஆட்டத்தைத் தவறவிடக் கூடாது?

செப்டம்பர் 5 அன்று கிளெம்சன் எல்.எஸ்.யு. மைதானத்துக்கு வருகிறது. செப்டம்பர் 12 அன்று ஓக்லஹோமா மிஷிகனுக்குப் போகிறது, அதே நாளில் ஓஹியோ ஸ்டேட் டெக்சஸின் ஊரான ஆஸ்டினுக்கு வருகிறது. ஒரே ஒன்றைத்தான் பார்க்க நேரம் என்றால் ஆஸ்டின் ஆட்டத்தைப் பாருங்கள். இந்தத் தொடரின் முதல் ஆட்டத்தில், 2025இல், 14-7 என்று தோற்ற டெக்சஸ், இந்தத் தடவை சொந்த மைதானத்தில் ஆடுகிறது. ஜெயிப்பவருக்கு டிசம்பரில் மேசையில் எடுத்துவைக்க ஒரு பெரிய வெற்றி கிடைக்கும். தோற்பவருக்கு இன்னும் பத்து ஆட்டமாவது மிச்சம் இருக்கும்.